ஏரியின் மேல்தோலில் ஓடும் கோடுகளை அழிக்கச் சொல்லாதீர்கள்

மின்நிலையங்களின் குளிர்விப்பு ஏரிகளுக்கு வெப்ப வரம்பு விதித்து, அந்த ஏரிகளின் வெப்பப் படங்களைக் கேட்டு வாங்கும் ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நீங்கள் கேட்டு வாங்கும் அந்தப் படங்களைத் தயாரிக்கிறவர்களில் நானும் ஒருவன். படகிலோ ட்ரோனிலோ தெர்மல் கேமராவை ஏற்றி, ஏரியின் மேற்பரப்பை அகச்சிவப்பில் படமெடுத்து, அதை வெப்பநிலை வரைபடமாக்கி அறிக்கையோடு இணைத்துத் தருவது என் பிழைப்பு. நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் அந்தப் படம் உங்கள் மேசைக்கு வந்து சேரும்போது, அதில் இருக்க வேண்டிய சங்கதியில் பாதி காணாமல் போயிருக்கும். வழியில் தானாகத் தொலைந்ததல்ல. நாங்கள்தான் எடுத்துவிடுகிறோம். எடுத்த கைகளில் என் கையும் உண்டு என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்நிலையத்தின் ஏரியை இரவில் படமெடுக்கப் போனோம். காற்று அறவே இல்லை. நிலையத்தின் வெந்நீரை ஏரிக்குள் விடும் வெளியேற்று வாய்க்கால் வந்து சேருமிடத்தில் வெந்நீர் ஒரு நாக்கைப் போல நீண்டு கிடந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அந்த நாக்கின் மேல் படர்ந்திருந்த வலை. வெளிர்நிறத் திட்டுகள், அவற்றைச் சுற்றி மெல்லிய கருங்கோடுகள். காய்ந்து வெடித்த வண்டல் தரையை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் இந்தத் தரை அசைந்தது. ஒரு திட்டு அகன்றுகொண்டே போய் நடுவில் பிளக்கும். ஒரு கோடு மெல்ல நகர்ந்து பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். கூட இருந்தவர் லென்ஸைத் துடைத்துப் பார்த்தார். கோடுகள் போகவில்லை. நான் துடுப்பை நீருக்குள் விட்டு ஓர் இழுப்பு இழுத்தேன். துடுப்பு போன தடம் திரையில் பளிச்சென்று வெண்மையாகத் தெரிந்தது; பத்து எண்ணுவதற்குள் மங்கி மறைந்தது. மறைந்த இடத்தில் மறுபடி கருங்கோடுகள் முளைத்தன.

படங்களை அனுப்பினோம். நிலையத்தின் சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து இரண்டே வரியில் பதில்: கேமராவில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, கோடுகளை நீக்கிச் சுத்தமான படம் அனுப்பவும். வாதாடியிருக்கலாம். பணம் பாக்கி இருந்தது. மென்பொருளில் சராசரி வடிகட்டி ஒன்றைத் தட்டிவிட்டேன். கோடுகள் கரைந்து, வழவழவென்று ஒரு வண்ணப்படம் வந்தது. அதைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கோடுகள் கேமராவுக்குள் இல்லை, ஏரியில் இருந்தன. அவை என்னவென்று சொல்லிவிட்டு, உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தெர்மல் கேமரா தண்ணீருக்குள் பார்ப்பதில்லை. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட சுவர் மாதிரி. நம்மை வந்து சேரும் கதிர்வீச்சு மேற்பரப்பின் முதல் பத்து இருபது மைக்ரோமீட்டரிலிருந்து மட்டும் கிளம்புவது. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஏரி தன் சூட்டை இழப்பதும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான். நீராவியாகக் கொஞ்சம், கதிர்வீச்சாகக் கொஞ்சம், காற்றைத் தொட்டுச் சுடவைப்பதில் கொஞ்சம். சூடான ஏரியில் பெரும்பங்கு ஆவியாதலுக்குத்தான். சூடெல்லாம் அந்த வாசல் வழியாகவே வெளியேறுவதால் வாசல் அநேகமாக எப்போதும் உள்ளே இருப்பதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். இதைத்தான் குளிர்ந்த மேல்தோல் என்கிறோம். கணக்கு எளிது. சதுர மீட்டருக்கு 1000 வாட் சூடு வெளியேறுகிறது, அது அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அசையாத நீர்ப்படலத்தைக் கடந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.6 என்பதால், அந்த அரை மில்லிமீட்டருக்குள்ளேயே 0.8 டிகிரி செல்சியஸ் இறங்கிவிடும். துடுப்பின் தடம் வெண்மையாகத் தெரிந்தது இதனால்தான். தோலைக் கிழித்தேன், உள்ளிருந்த சூடு வெளியே தெரிந்தது.

குளிர்ந்த தோல் கனமானது. ஓரளவு தடித்ததும் அது தாங்காமல் சரிந்து மூழ்கும். ஒரே இடத்தில் மொத்தமாக மூழ்காது. மெல்லிய தகடுகளாக, கோடு கோடாக இறங்கும். இறங்கும் இடம் குளிர்ந்த கருங்கோடு. இடையில் கீழிருந்து சூடான நீர் ஏறிவரும் இடம் வெளிர்த் திட்டு. மெல்லிய திரவப் படலத்தைக் கீழிருந்து சூடாக்கி இப்படிப்பட்ட அறைகளை 1900-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெனார் காட்டினார். அடர்த்தி வேறுபாட்டால் இவை எப்படி எழும் என்பதற்கு 1916-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி கணிதம் எழுதினார். (பெனார் பார்த்த அறைகளில் பரப்பு இழுவிசைக்கும் பெரும்பங்கு உண்டு என்று பிற்பாடு தெரிந்தது வேறு கதை.) ஏரியில் அடுப்பு கீழே இல்லை, மேலே குளிர்ச்சி இருக்கிறது, மற்றபடி ஆட்டம் அதே ஆட்டம்தான்.

காற்று கிளம்பினால் வலை இழுபட்டு நீளக் கோடுகளாகும். காற்றுத் திசையில் இணைகோடுகளாக நுரையும் பாசியும் ஒதுங்கி நிற்பதைப் படகில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். அட்லாண்டிக் கடலில் பாசி வரிசைகளைக் கவனித்த அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர், இணையாகச் சுழலும் நீர்ச்சுருள்கள்தான் காரணம் என்று 1938-இல் எழுதினார். சூடான ஏரியில் அதே சுருள்கள் வெப்பக் கோடுகளாகத் தெரியும். காற்று இன்னும் பலமானால் எல்லாம் குழம்பிக் கலங்கலாகிவிடும். ஆகவே அந்த வடிவங்களைப் பார்த்தே, ஏரி எந்த வழியில் சூட்டை இழந்துகொண்டிருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். காற்றில்லாத இரவில் கோட்டுக்கும் திட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெப்ப இழப்போடு சேர்ந்து கூடும், சேர்ந்து குறையும். இன்னொன்றும் உண்டு: நீர் காற்றைவிடச் சூடாக இருந்தால், காற்றே வீசாவிட்டாலும் மேலுள்ள ஈரக்காற்று தானாக எழும்பி ஆவியாதல் தொடரும். ரயன், ஹார்ல்மன், ஸ்டோல்சென்பாக் மூவரும் 1974-இல் இதற்கு வாய்பாடு கொடுத்தார்கள். அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. வடிகட்டியால் நான் துடைத்தெறிந்தது, அந்த வாய்பாடு சொல்வது என் ஏரியில் நடக்கிறதா என்று சரிபார்க்க எனக்கிருந்த ஒரே சாட்சியை.

இதெல்லாம் ஆய்வுக்கூட விவகாரம், வரம்பு விதிப்பவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொஞ்சம் எண்களோடு பேசுகிறேன்.

1000 மெகாவாட் மின்சாரம் தரும் ஓர் அணுமின் நிலையம் ஏறக்குறைய 2000 மெகாவாட் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். டர்பைனை விட்டு வரும் நீராவியை ஆறவைத்து நீராக்கும் கண்டென்சரைக் கடக்கும் நீர் 10 டிகிரி சூடேறலாம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 48 கன மீட்டர் நீர் ஓட வேண்டும். அது ஒரு சிறிய ஆறு. அந்த ஆறு ஏரியைச் சுற்றிவந்து மறுபடி உள்ளெடுப்பு வாய்க்கு வருவதற்குள் அந்த 10 டிகிரியையும் இழந்திருக்க வேண்டும். இழக்காவிட்டால் கண்டென்சரில் வெற்றிடம் குறையும், மின் உற்பத்தி குறையும். இன்னும் போனால் பாதுகாப்பு வரம்பு இடிக்கும். அமெரிக்காவில் பிரெய்ட்வுட் நிலையத்தின் குளத்துக்கு 100 பாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ், வரம்பு இருந்தது. 2012 ஜூலை வெயிலில் குளம் 102-ஐத் தொட்டது. தொடர்ந்து இயங்கச் சிறப்பு அனுமதி வாங்கினார்கள். புளோரிடாவின் டர்க்கி பாயிண்ட் நிலையத்தில் குளிர்விப்புக் கால்வாய்களின் வரம்பை 2014-இல் 100-லிருந்து 104-ஆக உயர்த்தினார்கள். இப்படி ஓரிரு டிகிரிக்காக அனுமதிக் கடிதங்கள் பறக்கும் ஒரு துறையில், மேல்தோலுக்கும் உள்நீருக்கும் இடையே உள்ள ஒரு டிகிரியை யாருமே எழுதிவைப்பதில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

பிழை அங்கோடு நிற்பதில்லை. தண்ணீரின் உமிழ்திறன், அதாவது தன் சூட்டுக்கு உச்சமாக வரக்கூடிய கதிர்வீச்சில் அது வெளிவிடும் பங்கு, நேர் மேலிருந்து பார்த்தால் 0.98-க்கு மேல். மிச்சமுள்ள ஒன்று இரண்டு சதவீதம் வானத்தின் பிரதிபலிப்பு. தெளிந்த இரவு வானம் அகச்சிவப்பில் உறைநிலைக்கு வெகு கீழே இருப்பதால், இதைத் திருத்தாமல் விட்டால் ஏரி ஒரு டிகிரி வரை குளிர்ந்ததாகக் காட்டும். கரையில் முக்காலி போட்டுச் சாய்வாகப் பார்த்தால் கதை இன்னும் மோசம். உமிழ்திறன் சரிந்து, ஏரியைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஏரியின் தொலைகரை எப்போதும் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த ஓர் அறிக்கை வரிசையை நான் பார்த்திருக்கிறேன். கேமரா ஆண்டுதோறும் ஒரே கரையில், ஒரே முக்காலியில். இன்னும் ஒன்று: ட்ரோனில் பொருத்தும் மலிவான, குளிரூட்டப்படாத கேமராக்கள் ஒரே படத்துக்குள் 0.05 டிகிரி வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும். ஆனால் அவை சொல்லும் வெப்பநிலை இரண்டு, சில வேளை ஐந்து டிகிரிகூட முன்பின் இருக்கலாம். வடிவத்தைக் காட்டுவதில் அவற்றை அடித்துக்கொள்ள முடியாது, எண்ணைச் சொல்வதில் நம்ப முடியாது. நாமோ அவற்றிடமிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு வடிவத்தைக் குப்பையில் போடுகிறோம்.

செயற்கைக்கோள் படங்களுக்கு வருவோம். லேண்ட்சாட் 8, 2013-இல் ஏறியது, 9, 2021-இல். இரண்டிலும் வெப்பக் கருவியின் ஒரு பிக்சல் தரையில் 100 மீட்டர். கைக்கு வரும் கோப்பில் 30 மீட்டர் கட்டங்கள் இருக்கும். அது மறுவடிவமைப்பு மட்டுமே, புதிய விவரம் எதுவும் அதில் கிடையாது. 40 மீட்டர் அகல வாய்க்காலில் 40 டிகிரி வெந்நீர் ஓடுகிறது, இருபுறமும் 28 டிகிரியில் நிலம். இரண்டும் ஒரே பிக்சலுக்குள் விழுந்தால் படம் சுமார் 33 டிகிரி என்று சொல்லும். வாய்க்காலிலும் நிலத்திலும் இல்லாத ஒரு வெப்பநிலை! அதை எடுத்து வரம்புக்கு உட்பட்டது என்று எழுதினால் நிலையத்துக்கு லாபம், நிலம் நீரைவிடச் சூடான வேளையில் அதன் சூட்டைத் தண்ணீரின் தலையில் கட்டினால் எதிர்ப்பாளர்களுக்கு லாபம். தவிர, அந்தக் கோள்கள் கடப்பது உள்ளூர் நேரம் காலை பத்து மணி வாக்கில். பிற்பகலில் காற்றில்லாத ஏரியின் மேல் வெயில் பூசும் மெல்லிய சூட்டுப் படலத்தையும், விடியலுக்கு முன் ஏரி ஆறிக் கிடப்பதையும் அவை பார்ப்பதே இல்லை. 2018 முதல் விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஈகோஸ்ட்ரெஸ் கருவி வெவ்வேறு வேளைகளில் பார்க்கிறது. அதன் படங்களைக் கேட்கும் அனுமதி உத்தரவு எதையும் என் தொழிலில் நான் கண்டதில்லை.

இவ்வளவு குறை சொல்வதால் படங்களை நம்பாதீர்கள் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையாக எடுத்த வெப்பப் படம் வாய் திறந்து பேசும். செர்னோபில் விபத்து நடந்து மூன்றே நாளில், 1986 ஏப்ரல் 29 அன்று, லேண்ட்சாட் 5 அந்த இடத்தைக் கடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுப் படத்தில் நிலையத்தின் குளிர்விப்புக் குளத்தைச் சுற்றி வெந்நீர் வளைந்தோடுவது தெரியும். விபத்துக்குப் பிந்தைய படத்தில் அந்தச் சூட்டு ஓட்டம் இல்லை. உலைகள் நின்றுவிட்டன என்பதைக் குளமே சொன்னது. அதுவும் 120 மீட்டர் பிக்சலில். 2000 மார்ச்சில் அமெரிக்க எரிசக்தித் துறை 15 அலைவரிசைகளோடு ஏவிய எம்டிஐ என்ற செயற்கைக்கோளின் வேலைகளில் ஒன்று, மின்நிலைய ஏரிகளின் மேற்பரப்பு வெப்பநிலையைத் துல்லியமாக அளப்பது. அதன் வெப்பப் பிக்சல் 20 மீட்டர். அதைச் சரிபார்க்க ஏரிகளில் மிதவைகளையும் வானிலைக் கருவிகளையும் வைத்தார்கள். நான் கேட்பதும் ஏறக்குறைய அதையேதான், கோள் இல்லாமல்.

வடிவம் சொல்லும் செய்திக்கு இன்னோர் எடுத்துக்காட்டு, ஏரியின் கிளைகள். வெந்நீர் ஓடும் பாதையிலிருந்து ஒதுங்கி, ஒரு முனை அடைபட்ட நீண்ட கிளையில் ஓட்டமே இருக்காது, அந்தப் பரப்பு வீண் என்றுதான் தோன்றும். உண்மையில் வெந்நீர் மேலடுக்காக அதற்குள் நுழைந்து, போகப் போக ஆறி, மூழ்கி, அடியோடு திரும்பி வரும். யாரும் பம்பு வைக்காமலே நடக்கும் சுழற்சி. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் லேக் அன்னா ஏரியில் வெந்நீருக்கென்று தடுப்பணைகளால் பிரித்த பகுதியில் இப்படிப்பட்ட நீண்ட கிளைகள் உண்டு. கிளையின் வாயிலிருந்து முனை வரை சூடு சீராக இறங்கும் படம், அந்தக் கிளை உழைக்கிறது என்பதற்கு அத்தாட்சி. தடுப்புக் கரையின் மறுபக்கம் திடீரென ஒரு சூட்டுப் பொட்டு தெரிந்தால், கரை கசிகிறது, வெந்நீர் குறுக்கு வழியில் உள்ளெடுப்பு வாய்க்கு ஓடுகிறது என்று அர்த்தம். சராசரியாக்கிய படத்தில் பொட்டும் கரைந்துபோகும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. ஒருமுறை ஒரே ஏரியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். இரண்டிலும் வெளியேற்று வாய் சிவப்பு, தொலைகரை நீலம். ஒன்று நிலையம் முழுத் திறனில் ஓடிய நாள். மற்றது பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த நாள். முதல் படத்தில் நிற அளவு 27 முதல் 39 டிகிரி. இரண்டாவதில் 26 முதல் 28. மென்பொருள் தானாகவே குறைந்ததற்கு நீலமும் கூடியதற்குச் சிவப்பும் பூசிவிட்டது. அறையில் இருந்த யாரும் ஓரத்தில் இருந்த எண்களைப் படிக்கவில்லை. ஏரியைக் காக்கப் போராடும் நண்பர்களும் இதே தவறைச் செய்கிறார்கள்; சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலைகிறார்கள், அந்தச் சிவப்பு 28 டிகிரி என்று பார்ப்பதில்லை.

இனி என் கோரிக்கை. அனுமதி உத்தரவில் வெப்பப் படம் சமர்ப்பிக்கவும் என்ற ஒற்றை வரி இருக்கும் இடத்தில், மூலத் தரவோடு சமர்ப்பிக்கவும் என்று எழுதுங்கள். வண்ணம் பூசாத, வடிகட்டி போடாத, ஒவ்வொரு பிக்சலுக்கும் எண்ணுள்ள கோப்பு. திருத்தம் செய்திருந்தால் என்ன திருத்தம், எந்த உமிழ்திறன், எந்தக் கோணம் என்று கூடவே வரட்டும். படமெடுக்கும் அதே வேளையில் குறைந்தது மூன்று இடங்களில், ஒரு சாண் ஆழத்திலும் ஒரு மீட்டர் ஆழத்திலும் மிதவை வெப்பமானி பதிவு செய்திருக்க வேண்டும். அது இல்லாத படத்தை வடிவத்துக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், வரம்பைச் சோதிக்க ஏற்காதீர்கள். காற்று வேகம், ஈரப்பதம், அந்த மணிநேரத்தில் நிலையம் எத்தனை மெகாவாட் ஓடியது என்ற கணக்கு ஆகியவை எல்லாம் நிலையத்திடம் ஏற்கெனவே இருப்பவை, கேட்டால் போதும். ஓர் ஏரிக்கு ஆண்டு முழுவதும் ஒரே நிற அளவு. பகலில் ஒன்று, விடியலுக்கு முன் ஒன்று என இரண்டு படங்கள். முடிந்தால் விடியற்காலைப் படம் ஒற்றையாக இல்லாமல், சில நொடிக்கு ஒன்றாகப் பத்து நிமிடத் தொடராக. கோடுகள் நகர்வது தொடரில்தான் தெரியும். நகராத கோடு மட்டும்தான் கேமராக் கோளாறு.

செலவு கூடும் என்று நிலையங்கள் சொல்லும். கூடும்தான், ஆனால் அவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. கேமரா ஏற்கெனவே பறக்கிறது, கோப்பு ஏற்கெனவே பதிவாகிறது; பிறகு அதை அழிப்பதற்குத்தான் இப்போது எங்களுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கிறார்கள். மூலத் தரவைக் கொடுத்தால் வணிக ரகசியம் வெளியாகும் என்ற வாதமும் வரும். உலை எவ்வளவு திறனில் ஓடுகிறது என்பது ஏரியைப் பார்த்தே தெரிந்துவிடும் என்பது இந்தத் துறைக்குப் பல பத்தாண்டுகளாகப் பழக்கமான சங்கதி. மறைக்க அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தக் காற்றில்லாத இரவின் மூலக் கோப்புகளை நான் அழிக்கவில்லை. துடுப்புத் தடம் வெண்மையாகத் தோன்றி மறையும் அந்தப் பத்து நொடியும் அதில் இருக்கிறது. சுத்தமான படம் எந்த ஏரியுடையது என்பது உங்கள் கோப்புகளில் பதிவாகியிருக்கும்; இங்கே பெயர் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்கள் முறைப்படி நிலையத்திடம் கேளுங்கள், நிலையம் என்னிடம் கேட்கட்டும். அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தெர்மல் கேமராவோடு ஏரி ஏரியாகச் சுற்றும் ஒருவன்